கேட்டு மாமாவின் மூன்றாவது ஞாயிறு

அந்த எண்ணம் முதலில் என் இடது உள்ளங்காலில்தான் வந்தது. சேலத்தில் பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ரெக்கார்டு நோட்டு முடிக்காதவர்கள் உடற்கூறியல் அறையில் உட்கார்ந்து வரைய வேண்டும் என்று உத்தரவு. மற்றவர்கள் வரைந்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நான் வழக்கம்போல எதையாவது நோண்டிக்கொண்டு கடைசி ஆளாக நின்றேன். கம்பியில் தொங்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை நாங்கள் எப்போதும் பின்பக்கமாகவே பார்த்துப் பழகியிருந்தோம். எங்கள் படிப்புக்கு முதுகுதான் முக்கியம். அன்று சும்மா ஒரு விளையாட்டுக்கு அதன் தோளைப் பிடித்துத் திருப்பினேன். அது ஆடி ஆடி என் முகத்துக்கு நேராக வந்து நின்றது. விலா எலும்புகளின் இடைவெளி வழியாகச் சுவரிலிருந்த படம் தெரிந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், கட்டைவிரல் பருமனில், முதுகெலும்பின் முன்பக்கத்தை ஒட்டி அப்படியே கீழே இறங்கித் தொப்புள் பக்கத்தில் இரண்டாகப் பிரிகிறது. பரீட்சைக்காகப் பலமுறை வரைந்த படம்தான். ஆனால் அன்று அதைப் பார்த்த கணத்தில் என் இடது உள்ளங்கால் துடித்தது. நான்கு நாளைக்கு முன்னால், போன ஞாயிற்றுக்கிழமை, ஒரு மனிதரின் முதுகில் வைத்தபோது துடித்த அதே இடம், அதே நிதானம்.

அந்த மனிதர்தான் கேட்டு மாமா. உறவு எதுவும் கிடையாது. பொம்மிடிக்கு வடக்கே எங்கள் ஊரைத் தண்டவாளம் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் இடத்தில் ஒரு ரயில்வே கேட் இருந்தது, அதற்கு அவர்தான் கேட் கீப்பர். சின்ன வயதில் நாங்கள் வைத்த பெயர் ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது. அவர் என் காலடியில் ஏன் படுத்தார் என்பதைச் சொன்னால்தான் மீதி புரியும்.

எங்கள் பக்கத்தில், தலைக்குப் பதில் கால் முன்னே வந்து பிறந்த பிள்ளைக்கு ஒரு வேலை காத்திருக்கும். முதுகுப் பிடிப்பு வந்தவர்கள் அந்தப் பிள்ளையிடம் ஒரு எத்து வாங்கிக்கொண்டால் பிடிப்பு விட்டுவிடும் என்று நம்பிக்கை. எத்து என்றால் உதையெல்லாம் இல்லை. பாதத்தை வைத்து ஓர் அழுத்து, அவ்வளவுதான். ஒரு ஞாயிறுக்கு ஒன்று, மூன்று ஞாயிறு. நான் அப்படிப் பிறந்தவள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஊர் முதுகுகளில் கால் வைத்திருக்கிறேன். சேலம் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகும் ஞாயிறுக்கு ஊர் வந்துவிடுவேன். நாங்கள் ஞாயிறு பூசை தவறாத குடும்பம். அம்மா உப்புத்தண்ணீரில் என் இடது காலைக் கழுவி, கட்டைவிரலால் அதன்மேல் ஒரு சிலுவை போடுவாள். பிறகு கதவைத் திறப்பாள். வாசலில் பாய் விரித்திருக்கும், யாராவது குப்புறப் படுத்திருப்பார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுபவர்களும் வருவார்கள். எங்கள் பங்குச் சாமியார் ஒருமுறை, "என்னம்மா இதெல்லாம்?" என்று கடிந்துகொண்டார். அடுத்த மாதம் அவருக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. வந்து படுக்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவுமில்லை.

இதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடுதான். பேசக்கூடாது. படுப்பவரும் பேசக்கூடாது, நானும் பேசக்கூடாது. காலை எடுத்ததும் அவர் எழுந்து திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். மூன்று ஞாயிறும் முடிகிறவரை கடைத்தெருவில் எதிரே வந்தாலும் எங்களுக்குள் பேச்சு கிடையாது. பேசினால் அந்த வலி எங்கள் வூட்டிலேயே தங்கிவிடும் என்பாள் அம்மா. அதனால் எனக்கு முகங்கள் தெரியாது, முதுகுகள்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவரின் தோளில் ஒரு தழும்பைப் பார்த்து, இவரை எனக்குத் தெரியுமே என்று மனசு சொல்லும். அவர் திரும்பினால் யாரோ ஒருவர். சாவு வீட்டுக்குப் போனால் மாலை போட்ட படத்தை நெடுநேரம் பார்ப்பேன். இந்த முகத்துக்குப் பின்னால் இருந்த முதுகு என் பாயில் படுத்ததா என்று ஒருபோதும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. மூன்று ஞாயிறும் வந்தவர்கள் உண்டு. ஒன்றோ இரண்டோ வந்துவிட்டு நின்றுபோனவர்களும் உண்டு. "வரல பாரு, ஒரு எத்துலயே சரியாப் போச்சு" என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அப்படித்தான் நாங்கள் கணக்கு வைத்திருந்தோம். வராதவர்கள் எல்லோரும் குணமானவர்கள்.

கேட்டு மாமா ஒல்லியான, நெட்டையான மனிதர். பீடி இல்லாமல் அவர் வாயை நான் பார்த்ததே இல்லை. ரயில் வருவதைப் போன் மணி சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்டவாளத்தின் மேல் ஒரு பாதத்தை வைத்துக்கொண்டு நிற்பார். "வர்றான் பாப்பா, இன்னும் காட்டுக்கு அந்தாண்ட இருக்கான்" என்பார். கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை போட்டபோது அவருக்கும் ஓய்வு பெறும் வயது வந்திருந்தது. அதற்குப் பிறகும் பழைய இடத்துக்குப் போய் மேலே வேலி ஓரமாக நிற்பார். மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று நாங்கள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு நடந்தால், மேலிருந்து சத்தம் போடுவார்: "எங்காலத்துல ராசா மாதிரி மேல போனீங்க. இப்ப எருமை மாதிரி கீழ போங்க!"

அவர் முதல் ஞாயிறு வந்தபோது, பாயைத் தாண்டி நீண்டு கிடந்த கால்களை வைத்தே ஆளைத் தெரிந்து எனக்கு ஆச்சரியம். சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்திருந்தார். முதுகு நான் நினைத்ததைவிட மெலிந்திருந்தது. கால் வைத்தேன், எடுத்தேன், போனார். ஒன்றும் இல்லை. இரண்டாவது ஞாயிறு அம்மா பாய் விரிக்கவில்லை, அதைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். வெறும் சிமெண்டுத் தரையில்தான் படுத்தார். வழக்கத்தைவிட இடுப்புக்குச் சற்று மேலே, கொஞ்சம் அதிக நேரம் கால் வைத்திருந்தேன் போலிருக்கிறது. பாதத்துக்கு அடியில் ஏதோ ஒன்று மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்கியது. மறுபடியும் தூக்கியது. மூச்சு என்று நினைத்தேன். மூச்சைவிட வேகமாக இருந்தது. என் காலின் நாடிதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவர், தரையைப் பார்த்தபடி, தலையைத் திருப்பாமல் பேசினார்.

"பாப்பா, உனக்குத் தெரியுதா?"

என் வாசலில் அதுவரை யாருமே பேசியதில்லை. கதவோரம் நின்ற அம்மா பதறிப்போய் உதட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்லவில்லை. காலை எடுத்துக்கொண்டேன். அவர் எழுந்து சட்டையை மாட்டினார். திரும்பிப் பார்க்காமல் போனார். அவர் நடந்துபோன பிறகும் அந்தக் குரல் தரையிலேயே கிடப்பதுபோல் இருந்தது. அம்மா ஒரு வாளித் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றிக் கழுவிவிட்டாள்.

இதுதான் வியாழக்கிழமை என் உள்ளங்காலுக்கு ஞாபகம் வந்தது. எலும்புக்கூட்டை அப்படியே விட்டுவிட்டு நூலகத்துக்கு ஓடினேன். வயதான ஆண், நெடுநாள் புகைப்பழக்கம், எந்த நிலையில் படுத்தாலும் மாறாத முதுகுவலி, வயிற்றில் துடிப்பு. பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலவீனமாகி, பழைய சைக்கிள் டியூப் புடைப்பதுபோலப் புடைத்துக்கொண்டே போய் ஒருநாள் வெடிப்பது. வலி தொடங்கிவிட்டால் நேரம் குறைவு என்று போட்டிருந்தது. ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போய் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, கேட்டு மாமாவ உடனே வயித்த ஸ்கேன் எடுத்துப் பாக்கச் சொல்லு."

"வயித்தயா? அவருக்கு முதுகுல இல்ல வலி?"

"வலி முதுகுல வரும்மா. கோளாறு உள்ள இருக்கும்."

"நல்லாப் படிச்ச போ. முதுகு எது வயிறு எதுன்னே தெரியாம வந்து நிக்கற. நடுவுல பேசக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கெழம வருவாரு, மூணாவதும் வுட்டா முடிஞ்சுது."

சேலத்திலிருந்து பொம்மிடி ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அன்றைக்கே ஏறியிருக்கலாம். மறுநாள் இன்டர்னல் தேர்வு இருந்தது. அதுவுமில்லாமல், ஒரு காலால் தொட்டதை வைத்து ஓர் ஆளைப் பயமுறுத்துவதா என்று எனக்கே கூச்சம். தேர்வு எழுதினேன். நல்ல மதிப்பெண்தான் வந்தது. அந்தத் தாளை நான் இன்னும் கிழித்துப் போடவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஞாயிறு காலை அம்மா காலைக் கழுவி, சிலுவை போட்டுக் கதவைத் திறந்தாள். அவர் படுத்திருந்தார். நான் காலைத் தூக்கினேன். தூக்கிய கால் அவர் முதுகுக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. பூசைக்கு முதல் மணி அடித்து ஓய்ந்தது. காலைக் கீழே ஊன்றினேன், தரையில்.

"மாமா, மல்லாந்து படுங்க."

"ஏய்!" என்றாள் அம்மா, "வாய மூடுடி!" பிறகு பாய்க்குள்ளிருந்து ஒரு வறட்டுச் சிரிப்பு வந்தது. "ஏன் பாப்பா, இந்தப் பக்கம் தேஞ்சு போச்சா?" என்று கேட்டுக்கொண்டே, கையை ஊன்றிச் சிரமப்பட்டுத் திரும்பினார். என் வாசலில் முதல்முறையாக ஒருவரை முகத்தோடு பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. வயிற்றின் மேல் கிடந்த துண்டின் நூல்குஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. ஆடி, நின்று, ஆடி. அம்மாவும் அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் என்னைத் தடுக்கவில்லை.

தொப்புளுக்கு மேலே இரண்டு பக்கமும் கைகளை லேசாக வைத்தேன். அந்தத் துடிப்பு என் கைகளை மேலே தள்ளியதோடு நிற்காமல் ஒன்றிலிருந்து ஒன்றை விலக்கியது. உள்ளே ஏதோ அகலமாகி அகலமாகி அடங்கியது. எத்தனை நாளாக என்று கேட்டேன். இத்தனை நாளாக அடக்கி வைத்தவர்போல அவர் பேச ஆரம்பித்தார்.

"ரெண்டு மாசம் இருக்கும். படுத்தாலும் வலி, ஒக்காந்தாலும் வலி, குனிஞ்சா நிமுந்தா எல்லாம் ஒண்ணுதான். சுளுக்குன்னா ஒரு பக்கமாச்சும் வுடுமில்ல? இது எங்க திரும்பினாலும் கூடவே வருது. அப்பறம் இந்தத் துடிப்பு. வாயுன்னு நெனச்சேன். நாடியப் புடிச்சு எண்ணிப் பாத்தேன், அதுவும் இதுவும் ஒண்ணாப் போகுது. உள்ள ரெண்டாவதா ஒருத்தன் ஒக்காந்திருக்கற மாதிரி. இத எவங்கிட்டப் போயி சொல்றது, சிரிப்பானுங்க. அதான் போன வாரம் உங்கிட்டக் கேட்டேன். நீ ஒண்ணுமே சொல்லல."

அவர் மனைவியை, நாங்கள் கேட்டு அத்தை என்று கூப்பிடுவோம், கூட்டிக்கொண்டு ஆட்டோவில் தருமபுரிக்குப் போனோம். வழியெல்லாம் அத்தை ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்: "மூணாவது எத்து வுட்டுட்டுப் போனா என்ன கண்ணு? அரை நிமிசம்தான ஆவும்?" ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார், அவர் வேறொருவரைக் கூப்பிட்டார். கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்றார்கள். டாக்டர் அவரிடம் குனிந்து, "முதுகை யாராச்சும் அமுக்கினாங்களா? மிதிச்சு விட்டாங்களா?" என்று கேட்டார். கேட்டு மாமா என்னைப் பார்த்தார்.

"யாரும் இல்லைங்க சார். நானாத்தான் எண்ணெ தேச்சுக்கிட்டேன்."

நான் பேசாமல் நின்றேன். அது என் இரண்டாவது மௌனம்.

அறுவை சிகிச்சைக்குச் சேலம் அனுப்பினார்கள். ஆம்புலன்சில் அத்தையும் நானும் ஏறிக்கொண்டோம். நல்ல வெயில். தொப்பூர்க் கணவாயில் வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் ஒரு காலை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டி, உள்ளங்காலைக் கட்டிலின் இரும்புக் கம்பியில் ஒட்டி வைத்திருந்தார். கண் மூடியிருந்தது. திடீரென்று நெற்றியிலும் மார்பிலும் வியர்வை கொட்டியது. முகத்தின் நிறம் போனது; யாரோ உள்ளிருந்து விளக்கை எடுத்துக்கொண்டு போவதுபோல. "கிட்ட வந்துட்டான் பாப்பா" என்றார், சாதாரணமாக. அவ்வளவுதான். அந்தக் கணவாயைத் தாண்டும்போது அவர் இல்லை.

ஊரில் என்ன பேசினார்கள் என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும். நடுவில் பேசிவிட்டேன், மூன்றாவதை நிறுத்திவிட்டேன், அதனால்தான் போனார். அடக்கத்தன்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, திட்டாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்: "ரெண்டு வுட்டவ மூணாவத ஏன் கண்ணு வுடல?" கல்லூரியில் எங்கள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் கால் அழுத்தம் அதைச் செய்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை, யாரும் எதுவும் கேட்காமல் போன இரண்டு மாதம்தான் செய்தது என்றார். ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஒரு சாயங்காலம் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, "அந்த லாரிக்காரரு, கடத்தூர்க்காரரு, ஒரு வாரம் வந்துட்டு வரல இல்ல?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பூக்காரம்மாவும் வரல" என்றாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பாய் சுவரோரம் சுருட்டிச் சாய்த்திருந்தது. அத்தனை வருடத்து முதுகுகளும் அங்கே வரிசையாகக் குப்புறப் படுத்திருப்பதுபோலவும், ஒன்றுகூடத் திரும்பாதது போலவும் எனக்குத் தோன்றியது.

இனிமேல் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது தருமபுரியில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். முதுகுவலி என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு வெறும் பிடிப்புதான். மூட்டை தூக்கியது, பைக்கில் குழியில் விழுந்தது, நாளெல்லாம் உட்கார்ந்தது. நாலு வாரத்தில் நடந்து போய்விடுவார்கள். ஆனால் யாரையும் குப்புறப் படுக்கச் சொல்வதற்கு முன்னால் நான் நச்சரித்துவிடுவேன். ஓய்வெடுத்தால் குறைகிறதா, எப்படிப் படுத்தாலும் அப்படியேதானா? ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? உடம்பு காரணமில்லாமல் இளைக்கிறதா, சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா? சிறுநீர் போகும்போது எரிகிறதா, ரத்தம் வருகிறதா? தொடை இடுக்கு மரத்துப்போகிறதா, சிறுநீர் கட்டுப்பாடு விட்டுப்போகிறதா? முன்பு எப்போதாவது புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தீர்களா? வலியோடு வேர்த்துக் கொட்டுகிறதா, மயக்கம் வருகிறதா, வயிற்றில் துடிக்கிறதா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால் நான் கை வைப்பதில்லை. சிலரை டாக்டரிடம் அனுப்புகிறேன், சிலரை நேராக அவசர சிகிச்சைக்கே அனுப்புகிறேன். "முதுகக் காட்ட வந்தா ஊர்க்கதையெல்லாம் கேக்குது இந்தப் பொண்ணு" என்று அலுத்துக்கொள்கிறார்கள். அலுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் ஊரிலிருந்து யாரும் கிளினிக்குக்கு வருவதில்லை. நான் நிறுத்தியதும் கம்பைநல்லூர்ப் பக்கம் கால் முன்னே பிறந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஞாயிறு ஞாயிறு ஆட்டோ பிடித்துப் போகிறார்கள். அங்கேயும் பேசக்கூடாதாம். என் வாசலை மூடி நான் சாதித்தது அதுதான்.

போன வாரம் கேட்டு அத்தையைச் சந்தையில் பார்த்தேன். தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார். கையை உயர்த்தியபோது அவருடைய வளையல்கள் முழங்கை வரை சரிந்து இறங்கின. முன்பு அவை மணிக்கட்டைத் தாண்டாது. கூடையைத் தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றார். நான் கிட்டே போவதற்குள் நகர்ந்துவிட்டார். அன்று மாலை அம்மாவிடம் வந்து சொல்லியிருக்கிறார்: மூணு மாசமா முதுகுல ஒரே வலி, கம்பைநல்லூருக்கெல்லாம் நான் போவ மாட்டேன், உம்பொண்ணு கால வெச்சா படுக்கறேன், இல்லன்னா இப்படியே இருந்துட்டுப் போறேன்.

வரச் சொல் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பிறகு, "உப்பு எடுத்து வெக்கவா?" என்று மட்டும் கேட்டாள். வைக்கச் சொன்னேன். இந்த ஞாயிறு காலை ஆறரைக்கு அத்தை வருகிறார். அந்தக் காலுக்காகத்தான் வருகிறார், கேள்விகளுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே கேள்வியை முன்னால் வைக்கப் போகிறேன். படுப்பதற்கு முன் எதிரே உட்கார வைத்து, முகத்தைப் பார்த்து, "ராத்திரி வலி உங்கள எழுப்புதாங்க அத்தை?" என்பதிலிருந்து ஆரம்பிப்பேன். அவர் வாயைத் திறக்க மாட்டார். கணவனைப் பேசவிட்டதால் இழந்தோம் என்று நம்புகிறவர். மறுபடியும் கேட்பேன். பூசைக்கு மணி அடிக்கட்டும், அம்மா கிளம்பிப் போகட்டும். அத்தை பதில் சொல்கிறவரை இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.